கடைசிப் பக்கம் பார்த்து வாங்கிய நாற்பது புத்தகங்கள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பழைய இரும்பு வாங்கி விற்று, யார் தயவும் இல்லாமல் மாடி வீடு கட்டினேன். என் மனைவிக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். தையல் கடையில் முப்பது வருடம் மிஷின் மிதித்தவள், படிக்க வேண்டிய கதைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வந்தாள். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் நாலு சேர்ந்துவிடும்.

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் விழுந்தவள், பேச்சை நிறுத்திவிட்டாள். நாள் முழுக்கச் சுவரையே பார்த்தாள். எனக்கும் உள்ளே மரத்துப்போயிருந்தது. அவளை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று நோட்டோடு கிளம்பி, பழைய புத்தகக் கடைகளில் நாற்பது புத்தகம் பிடித்தேன். பழைய சரக்கில் என்னை ஒருத்தனும் ஏமாற்றியதில்லை. கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரிபார்த்ததற்கு அடையாளமாக, நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் நேரே கொலைகாரன் பெயரை எழுதினேன்.

அவள் நோட்டைப் புரட்டினாள்.

"என்னங்க இது, டாக்டர்னு எழுதியிருக்கு?"

"அவன்தான் கொன்னவன். எல்லாத்தையும் பாத்துட்டேன், ஒரு பக்கம் குறையாது."

"நாப்பதுக்குமா எழுதினீங்க?"

"பின்னே? அரைகுறை வேலை நம்மகிட்ட கிடையாது."

"நீங்க இருக்கும்போது ஊருக்குப் போலீஸ் எதுக்கு?"

சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. பேனா கேட்டு வாங்கி, நாற்பது கதைகளின் பெயரையும் அடித்தாள். அடுத்த பக்கத்தில் மறுபடி ஒன்று என்று எண் போட்டு, வேறு கதைகளின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள்.

"இதையெல்லாம் வாங்கிட்டு மட்டும் வாங்க."

தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டே போனாள்.