பெரட்டு

அழிக்காமல் வைத்திருக்கும் மூன்று குறுஞ்செய்திகள் என் பழைய கைபேசியில் உண்டு. ‘கொழுந்து லொறி வருகிறது.’ ‘கொழுந்து லொறி வந்துவிட்டது.’ ‘கொழுந்து லொறி போய்விட்டது.’ மூன்றும் வந்த நேரம் பிற்பகல் 3.12. என் அக்காவின் கணவரை, அதாவது அத்தானை, கொழும்புக்கு அனுப்பப் பார்த்த செய்திகள் இவை.

அத்தான் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். பலாங்கொடையில் ஒரு கடையின் மாடியறையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். சில வேலைகளை ஒன்றாகக் கிளப்பிவிடவும், சிலவற்றை ஒன்று முடிந்தபின் ஒன்றாக நடத்தவும் ஜாவாஸ்கிரிப்டில் சிறியதொரு லைப்ரரியை, அதாவது கட்டளைத் தொகுப்பை, தாமே செய்திருந்தார். “லைப்ரரின்னு சொன்னீங்க, ஒரு பொஸ்தகத்தையும் காணோமே” என்று அக்கா கேட்டதுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நடத்தும் கட்டளைக்கு ‘வரிசை’ என்றும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பும் கட்டளைக்கு ‘பெரட்டு’ என்றும் பெயர் வைத்தார். காலையில் எல்லோரும் கூடி, வேலை பிரித்துக்கொண்டு, ஒன்றாக மலைக்குக் கிளம்பும் இடம்தான் தோட்டத்தில் பெரட்டு.

விளக்கக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில் பெரட்டு ஆனதாகச் சொல்லப்படுவதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்தக் கட்டளை என்ன செய்யும் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

அப்போது ஒரு தோட்டம், பறித்த கொழுந்தை ஏற்ற வரும் லொறி பற்றிக் கைபேசிகளுக்குத் தகவல் அனுப்பும் வேலையைத் தர இருந்தது. அது கைகூடாவிட்டால் அத்தான் கொழும்புக் கம்பனி ஒன்றில் சேர வேண்டும். “நீங்க போங்க. நான் வரல” என்று அக்கா முடிவாகச் சொல்லியிருந்தாள். வேலை இதுதான்: ஒரு செய்தியை அனுப்பி, லொறிச் சாரதி பொத்தானை அழுத்தும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் எங்களோடு வேலை செய்த சிங்களப் பெண். நாங்கள் அவளை, சிங்களத்தில் தங்கை என்று பொருள்படும் ‘நங்கி’ என்றுதான் கூப்பிடுவோம்.

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரையின் முன்னால் செய்து காட்டினோம். அவருடைய கைபேசியும் என்னுடையதும் மூன்று முறை அதிர்ந்தன. அவர் மூன்றையும் படித்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். “லொறி வந்துட்டுப் போயிருச்சா? நான் டீ கூட குடிச்சு முடிக்கலியே.”

நங்கி ‘வரிசை’ போட வேண்டிய இடத்தில் ‘பெரட்டு’ போட்டிருந்தாள். “அனே அய்யே, பெரட்டன்னா முன்னாலதானே? முன்னால இருக்கிறது மொதல்ல போகும்னு நெனச்சேன்.” சிங்களத்தில் ‘பெரட்ட’ என்றால் முன்னால்தான். அத்தான் என் ஒன்றரைப் பக்கக் குறிப்பைத் திறந்தார். என்னைப் பார்த்து, “பரேட்டு” என்று மட்டும் சொன்னார்.

சின்னத்துரை இன்னொரு நாள் தந்தார்; நங்கி ‘பெரட்டை’ எடுத்துவிட்டு ‘வரிசை’ போட்டாள். மறுநாள் பகல் நிறுவையின்போது கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் காத்திருந்தோம். ‘கொழுந்து லொறி வருகிறது’ என்று வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “என்னா தம்பி, ஒங்க போனு தூங்கிருச்சா?” என்றார். பக்கத்திலிருந்தவர், “நேத்து ஒரே நொடியில வந்துட்டுப் போச்சாம். அதுவே தேவல” என்றார்.

சின்னத்துரை சாரதிக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்றாவது வளைவில் டயர் வெடித்து லொறி நின்றிருந்தது.

“லொறி வரல. அதனால வந்துருச்சுன்னு சொல்லல. அப்படித்தானே?”

“அப்படித்தாங்க சார்” என்றார் அத்தான்.

“இந்தத் தோட்டத்துல இல்லாதத இருக்குன்னு சொல்லாத மொத ஆள் இதுதான்” என்று சின்னத்துரை அங்கேயே சம்மதம் தந்தார்.

அத்தான் இன்றும் பலாங்கொடையில், அதே மாடியறையில்தான் இருக்கிறார். ஒரு லொறியின் டயர் வெடித்ததற்கு அவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. லொறி அன்று நான்கு மணி பத்துக்கு வந்து சேர்ந்தது.