தேத்தண்ணி நேரத்து ஆட்சி

களப்பு எனும் கடலேரியோரம் உள்ள எங்கள் ஊரின் மீனவர் சங்கக் கட்டடத்தில், வாசலுக்கு மேலே ஒரு காட்போட் மட்டை தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில் ‘ககிஸ்டோகிரசி’ என்று எழுதியிருந்தது. எழுதித் தொங்கவிட்டவர் என் மச்சாள், மாமாவின் மகள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிப்பவர். சொந்தத் தோணி இருந்ததால் சங்கத்திலும் உறுப்பினர். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் ஆணிவேர் வரை கிண்டிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். துறையில் இறால் உரிக்கும் பெண்களின் கொட்டிலுக்குக் கூரை வேண்டும். மாரி மழையிலும் அவர்கள் நனைந்தபடியே உரித்தார்கள். தலைவரோ ‘பாப்பம்’ என்பதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைத்தவரில்லை. ஆனாலும் வருடா வருடம் அவரேதான் தலைவர். காரணம், தலைவர் தெரிவு தொடங்கும்போது சரியாகத் தேத்தண்ணி வரும். தங்கள் பெயரை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நல்ல மனிதர்கள் எல்லாரும் கோப்பையோடு வெளியே நழுவிவிடுவார்கள். திரும்பி வந்தால் காரியம் முடிந்திருக்கும்.

அன்றைய கூட்டத்தில் மட்டையைக் கண்டவர்கள், “இதென்னகா, காய்ச்சலுக்குப் புதுக் குளிசையா?” என்றார்கள். மச்சாள் எழும்பினார். வெளிநாட்டு அரசியலில் இப்போது வசவாக அடிபடும் சொல் இது என்றார். கிரேக்கத் துண்டுகள் இரண்டை ஒட்டி இங்கிலீசுக்காரர் செய்ததாம். ‘ககிஸ்தோஸ்’ என்றால் இருப்பதிலேயே படுமோசம். ‘கிராதோஸ்’ என்றால் ஆளும் பலம். டெமோகிரசிக்கும் அதே வால்தான், தலை மட்டும் வேறு: ‘டெமோஸ்’, ஊர்ச்சனம்.

“அப்ப ஊர்ச்சனம் இரிக்க வேண்டிய இடத்துல மோசமான ஆள் எப்பிடிகா வந்த?” என்று ஒரு தோணிக்காரர் கேட்டார்.

“நாம தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்துலதான்,” என்றார் மச்சாள்.

கட்டடமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார், பாவம். தேத்தண்ணி வந்தது, ஒருவரும் அசையவில்லை. இறால் உரிக்கும் அக்கா ஒருவர், “அப்ப நீங்களே நில்லுங்க டீச்சர்,” என்றார். அதுவரை விளக்கம் சொன்ன மச்சாளின் கை மெல்லக் கோப்பைப் பக்கம் போனது. அதைக் கண்டு இன்னொரு தரம் சிரிப்பு. அவர் கையை இழுத்துக்கொண்டு, “ஓம், நிக்கிறன்,” என்றார். சந்தோசத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்று கொட்டிலுக்குத் தகரக் கூரை இருக்கிறது. இந்த வருடக் கூட்டத்தன்று அதில் மழை மேளம் கொட்ட, கீழே பெண்கள் நனையாமல் இருந்து கதையளந்தார்கள். மட்டை மட்டும் இடம் மாறி, மச்சாள் இப்போது அமரும் தலைவர் கதிரைக்கு நேர் எதிரே தொங்குகிறது.

“இனிக் கழட்டுவமா, மச்சாள்?” என்று கேட்டேன்.

“இரிக்கட்டும். வாசல்ல இருந்தா ஆக்கள் பாப்பாங்க. இஞ்ச இருந்தா நான் பாப்பன்.”

அப்போது தேத்தண்ணி வந்தது. மச்சாள் எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்தினார்.

“தேத்தண்ணி மறுகா. முதல்ல தலைவர் தெரிவு.”