படுத்துக் கிடந்த கம்ப்யூட்டர்

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்! தேங்காய் உடைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, என்னை முதலில் உட்காரச் சொன்னார்கள். ஸ்விட்சைப் போட்டேன். பச்சை எழுத்துகள் வந்தன. என் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது.

"என்னம்மா, கழுத்துல சுளுக்கா?" என்றார் மேனேஜர்.

சுளுக்கு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த வாரம் அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கம்ப்யூட்டர் முன்னால் உள்ள அந்த நாற்காலிக்கு ஆபீஸில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். சென்னையில் பரீட்சை. மெஷினில் தட்டிக் காட்ட வேண்டும். 'இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை' என்ற முணுமுணுப்புகளைத் தாண்டி என் பெயரைக் கொடுத்திருந்தேன். ஆபீஸ் விட்டதும் மேலமாசி வீதி மாடியில் சாந்தாராம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். அவரிடம் இருப்பதே மூன்று கம்ப்யூட்டர். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். கணக்கு சரியாகிவிடும்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. உட்காரவே கூடாது, இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும் என்றார் டாக்டர். மல்லாந்தால் உயிர் போகிற வலி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "அடுத்த வருஷம் எழுதிக்கிட்டாப் போச்சு" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்த பிறகு எனக்கென்ன அடுத்த வருஷம்? சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் சாந்தாராம் வந்தார். செல்லூரில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. அவரும் என் கணவரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றில் ஒன்று!

ஸ்டூலில் மானிட்டரை வைத்தார்கள். நான் படுத்திருந்த வாக்கில் பார்த்தால் வரிகள் எல்லாம் மேலிருந்து கீழாகத் தொங்கின. கழுத்தைத் திருப்பினால் முதுகு கத்தியது. என் கணவர் பீரோ கண்ணாடியைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்தார். எழுத்து இன்னும் மோசமாகத் திரும்பிக்கொண்டது. கண்ணாடி போன வழியே பீரோவுக்குப் போனது.

சாந்தாராம் என்னைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். "அக்காவத்தான திருப்ப முடியாது?" என்றார். மானிட்டரைத் தூக்கி, பக்கவாட்டில் படுக்க வைத்தார்.

அட... ஒவ்வொரு எழுத்தும் நேராக நின்றது! வீட்டில் எல்லாருக்கும் கோணல், எனக்கு மட்டும் நேர்.

"சூடு வெளிய போற ஓட்டைய அடச்சிராதீங்க. அடியில செங்கல் குடுத்து வைங்க. கொதிச்சா ஒடனே ஆஃப் பண்ணிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் கணவர் அடிக்கடி மானிட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் என் நெற்றியை அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

மூக்குக்கண்ணாடிதான் அடுத்த தொல்லை. தலையணை அழுத்தி அது கோணிக்கொண்டால் எழுத்தெல்லாம் மங்கிவிடும். பக்கத்து வீட்டு ருக்மணி மதினி ஒரு துண்டைச் சும்மாடு மாதிரி சுருட்டித் தலைக்கடியில் வைத்தார். கண்ணாடியின் காது நடுப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. வலது கையால் தட்டித் தட்டிப் படித்தேன். வந்தவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்து மானிட்டரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் என்னை நலம் விசாரித்தார்கள்.

ஆனால் ஒன்று... மதினியின் வீட்டுக்காரர் கோதண்டம் அண்ணனுக்கு விசைத்தறி. எங்களுக்கும் அவருக்கும் ஒரே லைன். தறி ஓடினால் வோல்டேஜ் இறங்கும். திரை சுருங்கும், எழுத்து நடுங்கும், படிக்கவே முடியாது. பிழைப்பை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. பரீட்சை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். வழக்கம்போலத் தலையைச் சாய்த்து மானிட்டரைப் பார்த்தார். பக்கத்தில் அவர் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் தங்கச்சி இந்த ஆட்டம் ஆடுது?"

என் கணவர் மென்று விழுங்கிச் சொல்லிவிட்டார்.

"இம்புட்டுத்தானா? எம்புட்டு நேரம் வேணும்?"

"வேணாம்ணே. ஒங்க பொழப்பு..."

"ஆறுல இருந்து ஏழு வரைக்கும் தறி காப்பி குடிக்கப் போகுதுன்னு வச்சுக்க. நீ படி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஆறு மணிக்குத் தறிச் சத்தம் பட்டென்று நின்றது. திரை அகலமாக விரிந்தது. எழுத்துகள் அசையாமல் நின்றன. கம்ப்யூட்டர் வந்தால் ஊரில் பாதிப் பேர் வேலை போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு மனிதர் என் கம்ப்யூட்டருக்காகத் தன் வேலையை நிறுத்தினார். தினமும். சும்மாட்டில் தலை வைத்தபடி நான் அழுதேன். இந்த முறை கண்ணீர் வேறு.

டாக்டர் சம்மதித்ததும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சென்னை போய்ப் பரீட்சை எழுதினேன். சாந்தாராமின் கம்ப்யூட்டர் பத்திரமாக மாடி ஏறியது. ரிசல்ட் வர மூன்று மாதம் ஆனது. பாஸ்! சாந்தாராமுக்கு ஒரு பெட்டி அல்வா கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கோதண்டம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்போது மணி ஆறேகால் இருக்கும். அல்வாவைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணன் கேட்டார்:

"அப்ப... இனிமே ஆறு மணிக்குத் தறி ஓட்டலாமா தங்கச்சி?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஆறு மணி அமைதி பழகிப்போய், அப்போதுதான் அது காதுக்கு உறைத்தது. தறிகள் நின்றிருந்தன!

"அண்ணே, பரீட்சை முடிஞ்சு மூணு மாசமாச்சே!"

"ரிசல்ட்டு வரலையே. தவறிப்போச்சுன்னா மறுபடி படிக்கணுமில்ல? அதான் விட்டு வச்சேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னாத்தா இது" என்று கூச்சத்தோடு உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டார்.

இப்போது ஆறு மணிக்குத் தறி கடகடவென்று ஓடுகிறது. எங்கள் வீட்டு டியூப்லைட் நடுங்குகிறது... நடுங்கட்டுமே!