என் மகளுக்குத் தாய்மாமன் கிடைத்தார்

போன தவக்காலத்தில் என் மகள் ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வயது. முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான வகுப்புக்கும் போகவில்லை. கூடப் படிக்கிற பிள்ளை, "நீ கப்பல்ல வந்தவ, உனக்கு ஊரே கிடையாது" என்று சொல்லியிருக்கிறது. "அம்மா, நான் எந்த ஊரு?" என்று கேட்டாள்.

என் பெயர் ரெஜினா. பிறந்தது தருவைகுளம். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அங்கேதான் கானா நாட்டுக் கப்பல் இன்ஜினியர் க்வாமேயைப் பார்த்தேன். கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டோம். "ஒரு கறுப்பனையா கட்டுவ?" என்று அண்ணன் அந்தோணி கத்தினார். "நாம மட்டும் என்ன நிறம்ணே?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம். ஸ்டெல்லாவை அவர் பார்த்ததே இல்லை.

முதலில் நான் செய்தது தப்பான ஜெபம். பிள்ளையின் சுருட்டை முடி கொஞ்சமாவது நேராகட்டும் என்று கேட்டேன். அதற்கு மருந்தும் வாங்கித் தேய்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரிய வியாழன் அன்று மாதா முன்னால் முழங்காலில் இருந்தபோது அந்த ஜெபம் வாயில் வரவில்லை. "தாயே, என் பிள்ளையை மாத்த வேண்டாம். இவ எங்க பிள்ளைன்னு சொல்ல என் வீட்டுல ஒரு ஆளைத் தாரும்" என்று அழுதேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்று வலி வந்து அடுக்களையிலேயே விழுந்தேன். க்வாமே நடுக்கடலில். பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குடல்வால் வெடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன் என்றார்கள். சொந்தக்காரர் கையெழுத்து கேட்டார்கள். கூடவே வந்திருந்த ஸ்டெல்லா என் போனை எடுத்து, "அண்ணன்" என்றிருந்த நம்பரை அழுத்திவிட்டாள்.

"மாமா, நான் ரெஜினா மக பேசுதேன். அம்மைக்கு ரொம்ப முடியல. வாரியளா?"

அரைமணி நேரத்தில் அண்ணன் வந்து நின்றார். கடலுக்கு மீன்பிடிக்கக் கிளம்பின கைலியோடு. நர்ஸ் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ளை?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளை. நான் தாய்மாமன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த எனக்கு அது கேட்டது. வலியோடு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், "எப்படிண்ணே வந்தீய?" என்று கேட்டேன்.

"ஏளா, போன்ல செத்துப்போன நம்ம அம்மையே பேசுன மாதிரி இருந்துச்சு. அதே இழுவை. என்னால நிக்க முடியல" என்று குலுங்கி அழுதார். அன்று க்வாமே வீடியோவில் வந்தார். அண்ணன் போனை வாங்கி, "மாப்பிள்ளை, சாப்பிட்டியளா?" என்றார். க்வாமேயின் கண் நிறைந்துவிட்டது.

ஸ்டெல்லா மறுபடி வகுப்புக்குப் போய், மே மாதம் புதுநன்மை வாங்கினாள். வெள்ளை உடுப்பும் மாலையும் தாய்மாமன் சீராக வந்தன. கானாவிலிருந்து அத்தை அனுப்பிய கோடுபோட்ட துணியையும் தோளில் போடுவேன் என்று அடம்பிடித்தாள். அண்ணனே ஊக்கு குத்திவிட்டார். பள்ளிக்கூடம் திறந்ததும் போய், ஊரே கிடையாது என்று சொன்ன பிள்ளையிடம், "எனக்கு ரெண்டு ஊரு இருக்கு, உனக்கு?" என்று கேட்டாளாம்.

அண்ணன் மனைவி, என் மதினி, இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். ஆனால் பிள்ளையின் முடியை நேராக்கும் மருந்தை நான் இப்போது வாங்குவதில்லை.

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி. சொந்த வீட்டால் ஒதுக்கப்பட்டவர்கள் யாராவது இதைக் கேட்டால், மனசு விட்டுவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.