கண்ணாடி போடாத படம்

எங்கள் வீட்டில் அண்ணாவின் படத்துக்குக் கண்ணாடி போடக் கூடாது. அது அம்மாவின் சட்டம். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினால் அடுத்ததாகச் சந்தனப் பொட்டு வரும், பிறகு மாலை வரும், ஆள் செத்தவன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும் என்பார். சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போன அண்ணா செத்துவிட்டதாக எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. மாங்குளத்தில் ஸ்ரூடியோ வைத்து, ஊரில் பாதிப் பேரின் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற எனக்குச் சொந்த வீட்டில் அந்த உரிமை இல்லை.

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சமும் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று வவுனியாவில் டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது அம்மா அழவில்லை. பஸ் ஓமந்தையைத் தாண்டிய பிறகு என் கையைப் பிடித்தார்.

“அண்ணாவைப் பெரிசா ஒருக்கா அடிச்சுத் தா. கண் தெரியேக்க பாத்து வைக்கிறன்.”

எங்களிடம் இருந்தது ஒரேயொரு கலர் படம். அதுவும் வெள்ளத்தில் நனைந்து நிறம் கெட்டுப் போனது. ஸ்கான் பண்ணிக் கறுப்பு வெள்ளையாக்கியதும் முகம் எழும்பி வந்தது. கடையில் கிடந்த மினுக்கத் தாளில் அடித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா வெளிச்சத்துக்காக வாசற்படியில் இருந்து பார்த்தார். இந்த மினுக்கத்தில் வாசல்தான் தெரிகிறது என்றார். போதாக்குறைக்கு, இவனுக்கு ஏன் முகம் பச்சை பற்றிக் கிடக்கிறது, சுகமில்லையோ என்றும் கேட்டார். உண்மைதான். கறுப்பு மையோடு கலர் மையும் கலந்து அடித்துத் தொலைத்திருந்தது அந்தப் பிரின்டர்.

மினுக்கம் இல்லாத தாளில் அடித்தேன். வாசல் போய்விட்டது. ஆனால் கறுப்புச் சாம்பலாக வெளிறி, தலைமுடி எது, பின்சுவர் எது என்று அம்மாவுக்குப் பிரியவில்லை. பிறகு பிரின்டரின் மையை மாற்றி, கொழும்பில் இருந்து பருத்தித் தாள் எடுப்பித்தேன். பழஞ்சீலை மாதிரி மெத்தென்று, கொஞ்சம் சொரசொரத்த தாள். அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஓம், இவன்தான் என்றார். ஆனால் பார்க்கிற நேரமெல்லாம் கன்னத்தைத் தடவுவார். அந்தத் தாளுக்கு விரல் ஆகாது. கொஞ்ச நாளில் மை உரிந்து கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தது. பார்வை மங்க மங்க அந்தக் கறுப்பும் அம்மாவுக்குப் போதாமல் போனது.

தாள் விற்கிறவரிடம் போனில் கேட்டேன். கண்ணாடி போட்டால் பிரச்சினை முடிந்தது தானே என்றார். மனுசன் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் ஏசிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு திரும்ப எடுத்து மன்னிப்பும் கேட்டேன், அவரை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை. பரைட்டா என்று ஒரு தாள் இருக்கிறது, கறுப்பு ஆழமாக விழும், மினுக்கம் அடங்கியிருக்கும், விரலுக்கும் லேசில் அழியாது என்றார்.

அனுப்பச் சொல்லி நாள் கணக்காகியும் அந்தத் தாள் வரவேயில்லை. அம்மா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றத் தொடங்கியிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு, கொழும்பு பஸ் ஒவ்வொன்றையும் மறித்துப் பார்சல் கேட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது நன்றி சொல்லாமல் நடத்துனரிடம் இருந்து பறித்தேன்.

நான் அடித்த படங்களில் அதைவிட நல்லது இல்லை. அண்ணாவின் கண்மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா வாசற்படியில் இருந்து அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். இவன் எங்கே என்று கேட்டார். மடியில் வைத்து விரலால் கன்னத்தைத் தேடினார். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“கண்ணாடி போட்டிட்டியோ?”

அந்தத் தாள் வழுவழுவென்று குளிர்ந்து கிடந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லையம்மா, வெறும் தாள்தான், வளைத்துப் பாருங்கோ என்று கெஞ்சினேன். அம்மா அதைத் தொடவில்லை.

“எனக்குச் சொல்லாமல் போட்டிட்டியோ, தம்பி?”

அலுமாரிக்குள் இருந்த பருத்தித் தாளை எடுத்து வந்து அவரின் கைக்குள் வைத்தேன். சொரசொரப்பில் விரல் ஊர்ந்து ஊர்ந்து, உரிந்து போன கன்னத்தில் போய் நின்றது. அம்மாவுக்கு மூச்சு வந்தது. விரலில் கறுப்பு மை ஒட்டியிருந்தது. துடைத்துவிடப் போனேன். அம்மா கையைப் பொத்திக்கொண்டார்.