ஈரோட்டுக் குடும்பத்தில் ஓர் ஈடித்

நொறுக்கிய ஐஸ்... பல்லில் பட்டதும் உச்சி வரை ஏறும் அந்தக் கூச்சம். ஜெர்சி சிட்டி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தொண்ணூற்றொன்று, பிப்ரவரி. பிரசவ வலியில் துடிக்கிறவளுக்கு ஒரு கப்பில் ஐஸைப் போட்டு ஸ்பூனால் ஊட்டினார்கள். ஈரோட்டில் எங்கள் ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பார்கள்.

கணவர் ஹூஸ்டனில் ப்ராஜெக்ட். பனியில் ஃப்ளைட் கேன்சல். அன்றைக்கு என்னோடு இருந்தது ஈடித் என்ற நர்ஸ்தான். ஷிஃப்ட் முடிந்தும் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்த பிறகுதான் கோட்டை மாட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து ஓர் அம்மா பர்த் சர்டிஃபிகேட் ஃபாரமும் கையுமாக வந்து நின்றார். குழந்தைக்கு என்ன பேர்?

எங்கள் வீட்டில் பேர் வைப்பது மாமனார் டிபார்ட்மெண்ட். நட்சத்திரம் பார்த்து, நாலு பெரியவர்களைக் கேட்டு, ஈரோட்டிலிருந்து லெட்டர் வரவேண்டும். இந்த அம்மாவோ நகருவதாக இல்லை.

நம் ஊரில் பர்த் சர்டிஃபிகேட்டில் பேரே இல்லாமல் எத்தனை பேர் வளர்ந்தோம்... ஸ்கூலில் சேர்க்கும்போது அப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் பேர். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இப்போதைக்கு ஒன்றைச் சொல்லி வைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

"ஈடித்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து மாமனார் லெட்டர் வந்தது. கோமதி. மாற்றலாம் என்று போய் விசாரித்தால், கோர்ட்டுக்குப் போகணுமாம்! கணவர் ஈரோட்டுக்கு போன் போட்டார். மாமனார் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"கோர்ட்டா? நம்ம குடும்பத்துல இன்னி வரைக்கும் ஒருத்தனும் கோர்ட்டுப் படி ஏறுனதில்லைடா! அந்தப் பேரே இருந்துட்டுப் போகட்டும், போ!"

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வினை மூன்றாம் வகுப்பில் வந்தது. அவள் கிளாஸில் மூணு ஆஷ்லி, ரெண்டு ஜெசிகா. ஈடித் இவள் ஒருத்திதான். லஞ்ச் டேபிளில் ஒரு பெண், "உன் பல் செட் எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் அழுகை.

"இட்ஸ் ஆன் ஓல்ட் லேடி நேம், அம்மா! எனக்கு ஆஷ்லி வேணும்!"

நான் விடுகிற ஆளா? லைப்ரரிக்கு இழுத்துக்கொண்டு போய், குழந்தைப் பேர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பழைய இங்கிலீஷ் பேர், ஜெர்மானியக் குடும்பத்து வேர். முதல் பாதிக்குச் செல்வம் என்று அர்த்தம், இரண்டாம் பாதிக்குப் போர். ஒரு காலத்தில் ராஜ வீட்டுப் பெண்களுக்கு வைத்த பேராம். நடுவில் மறந்துபோய், மறுபடி மவுசு வந்து, தெருவுக்கு ஒரு ஈடித் இருந்திருக்கிறாள். அந்த ஈடித்கள் எல்லாம் கிழவிகளான பிறகு யாரும் சீந்தவில்லை.

"பாத்தியா? சண்டைக்காரி பேரு. உனக்கு அப்படியே பொருந்துது."

அவள் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். பத்து வயசு வரைக்கும் பொறு, அப்பவும் வேண்டாம்னா நானே கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

குழந்தைகள் மறந்துவிடும் என்று நினைப்பது நம் முட்டாள்தனம். இரண்டாயிரத்து ஒன்று, பத்தாவது பிறந்தநாள். காலையில் கேக் எங்கே என்று கேட்கவில்லை, பேர் மாற்றுகிற கோர்ட் ஃபாரம் எங்கே என்று கேட்டாள். கிச்சன் டேபிளில் வைத்தேன். புதுப் பேர் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

அப்போது பார்த்து போன்.

அவள்தான் எடுத்தாள். "நோ விக்கி ஹியர். ராங் நம்பர்." வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நான் எடுத்துப் பேசினேன். என் மேனேஜர்.

வைத்ததும் கேட்டாள். "ஹூ இஸ் விக்கி?"

"நான்தான்டி. விசாலாட்சின்னு சொல்ல ஆபீஸ்ல அவங்களுக்கு வாய் வரல."

"டிட் யூ கோ டு கோர்ட்?"

"இல்ல..."

"ஸோ யூ ஜஸ்ட் லெட் தெம்?"

வெட்கமாக இருந்தது. இரவல் பேருக்காக ஒன்றரை வருஷம் அவளோடு மல்லுக்கு நின்றேன். சொந்தப் பேரை முதல் நாளே, ஒருத்தர் சிரமப்படக் கூடாதே என்று கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜர் ரூமுக்குப் போனேன். "என் பேர் விசாலாட்சி. மெதுவாச் சொல்லிப் பாருங்க, எனக்கு அவசரமில்ல" என்று இங்கிலீஷில் சொன்னேன். மனிதர் பாவம், இரண்டு வாரம் திணறினார். தினமும் சாயங்காலம் நான் ஷூவைக் கழற்றும் முன்பே இவள் கேள்வி.

"டிட் ஹீ ஸே இட்?"

சொல்லிவிட்டார் என்று நான் சொன்ன அன்று, பேர் எழுதாமலே கிடந்த ஃபாரத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"தென் ஐ ஆம் கீப்பிங் மைன்" என்றாள்.

இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. போன மாசம் ஒரு காபிக் கடையில் இரண்டு பேரும் நின்றிருந்தோம். ஆர்டர் ரெடியானதும் "ஈடித்!" என்று கூப்பிட்டார்கள். என் மகள் கை நீட்டுவதற்குள், மூணு வயசு வாண்டு ஒன்று ஓடிவந்து கவுண்டர் முன்னால் நின்றது. ஹாட் சாக்லேட் வேண்டுமாம். டேகேரில் அந்தப் பேரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அதன் அம்மா சலித்துக்கொண்டாள். ரொம்ப காமனா வெச்சுட்டோமோ என்று அவளுக்குக் கவலை.

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் கார் வரை நடக்கும்போது மனசு கேட்கவில்லை.

அந்த மூணு குட்டி ஈடித்ல ஒண்ணு அன்றைக்கு அவள் லஞ்ச் டேபிளில் உட்கார்ந்திருந்தால்... என் குழந்தை அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.