காலிப் பஸ்ஸும் ஸ்டெல்லா அக்காவின் டம்ளரும்

போன வாரம் என் கணவர் தலை முதல் கால் வரை போர்வையைப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸில் ஒரு பெண்ணைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

(முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள், ப்ளீஸ்.)

பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பெண்களின் உரிமை, பாதுகாப்பு பற்றிச் சின்னச் சின்ன அனிமேஷன் படங்கள் செய்கிறோம். கதையும் பெண் குரல்களும் நான். வரைந்து அசைய வைப்பது பிரவீன். வில்லன் குரல் என் கணவர்.

(மாவு மில்லில் யாராவது வரிசையில் முந்தினால் "பரவாயில்ல, நீங்க போங்க" என்று வழிவிடுகிற ஆள். வேறு குரல் கிடைக்கவில்லை.)

ஸ்டுடியோ, எங்கள் செம்பாக்கம் வீட்டுப் படுக்கையறை. எதிரொலி வரக் கூடாது என்பதால் மைக்கோடு போர்வைக்குள் போய்விட வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது.

புதுப் படம் பஸ்ஸில் நடக்கும் சீண்டலைப் பற்றியது. ஒருவன் ஒரு மாணவியை நெருங்கி நெருங்கி வருவான். அவள் நிமிர்ந்து நின்று "தள்ளி நில்லுங்க" என்பாள். உதவி எண்ணோடு படம் முடியும்.

எனக்கு ரொம்பப் பெருமை.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்குச் சோதனையாகப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"மிஸ், இது எந்த ஊரு பஸ்ஸு? ஆளே இல்ல?"

பிரவீன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். கூட்டம் வரைவதென்றால் ஒவ்வொரு தலைக்கும் தனி வேலை. அதனால் சிக்கனமாக ஒரு பெண், ஒரு வில்லன், மீதியெல்லாம் காலி சீட்.

(சாயங்காலம் தாம்பரத்திலிருந்து படப்பை போகிற பஸ்ஸில் காலி சீட்!)

சிரிக்காமல் இருந்தவள் ரெபேக்கா. படப்பையிலிருந்து வரும் பெண். ஓட்டப் பந்தயக்காரி. பள்ளி முடிந்ததும் பயிற்சி, அப்புறம் பஸ் பிடித்து வீடு.

"சனிக்கிழம பேரன்ட்ஸுக்கும் இதத்தான் போடப் போறீங்களா மிஸ்?"

ஆமாம் என்றேன்.

"எங்கப்பா பாத்தாருன்னா ப்ராக்டீஸ் கட் மிஸ். ஏற்கெனவே அவரு ஒரு காரணம் தேடிட்டுதான் இருக்காரு."

பெண்களுக்குத் தைரியம் சொல்ல எடுத்த படம், ஒரு பெண்ணை வீட்டில் உட்கார வைக்கப் போகிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. திரையில் அந்தப் பெண் அத்தனை தனியாக இருந்தாள். எந்த அப்பாவுக்குத்தான் பயம் வராது?

பஸ்ஸை நிரப்பிவிடலாம் என்றேன். பிரவீன் பெருமூச்சு விட்டான்.

ஆனால் நிரம்பிய பஸ்ஸில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு வசனம் எழுதினேன். ஒருவர் சட்டப் பிரிவு சொல்வார். ஒருவர் சட்டையைப் பிடிப்பார். டிரைவர் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுவார். படித்துப் பார்த்த கணவர், "இந்த பஸ்ல நானே ஏற மாட்டேன்" என்றார்.

இருந்தாலும் ரெக்கார்டிங் ஆரம்பித்தோம். போர்வைக்குள் நாங்கள் இருவரும். அவர் குரலில் கடுமை வரவேயில்லை. இன்னும் கெட்டவனாகப் பேசுங்கள், இன்னும், இன்னும் என்று டேக் மேல் டேக். ஒரு வழியாக வந்தது. அவர் உறும, நான் "தொடாதீங்க, தள்ளிப் போங்க" என்று கத்த...

காலிங் பெல்.

வாசலில் மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா. கையில் காலி டம்ளர்.

"உறை ஊத்தக் கொஞ்சம் மோர் கெடைக்குமா?"

(அக்கா வீட்டில் என்றைக்கும் பாக்கெட் தயிர்தான்.)

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கரன்ட் பில், தண்ணி லாரி, சர்ச்சில் நடந்த கல்யாணம் என்று பேச்சு ஓடியது. கண் மட்டும் என் முகத்திலும் கைகளிலும். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"டீ போட்டிருக்கேன். மேல வாயேன். எவ்ளோ நேரம் வேணாலும் இரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் கத்தியது மாடி வரை கேட்டிருக்கிறது!

சரியாக அந்த நேரம் பார்த்து, வியர்வை சொட்டச் சொட்ட, போர்வையோடு வெளியே வந்தார் என் கணவர்.

"அக்கா, கெட்டவனா பேசச் சொன்னதே இவதான்."

விளக்கி முடிப்பதற்குள் மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஓய்ந்த பிறகு கேட்டேன், ஏன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று.

"அவர்கிட்ட சண்ட போட எனக்கு பயமா இருந்துச்சு. அதான் உன்கிட்ட வந்து உக்காந்தேன். பக்கத்துல ஆள் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்ல?"

எனக்குக் கல்லூரி நாட்களின் பஸ்கள் ஞாபகம் வந்தன. அப்போது எனக்கு வீரவசனம் பேசும் ஆள் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் வந்து நிற்க ஒருவர் இருந்திருந்தால் போதும்.

வசனங்களையெல்லாம் தூக்கிப் போட்டேன். மாற்றிய படத்தில், கூடையோடு நிற்கும் ஓர் அம்மா வில்லனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முன்பின் தெரியாத அந்த மாணவியிடம், "என்னம்மா, உங்கம்மா சௌக்கியமா? இப்படி வந்து நில்லு" என்பார். அவ்வளவுதான். பிரவீன் பொறுமையாகப் பஸ் முழுக்க ஆட்களை வரைந்தான்.

சனிக்கிழமை. ரெபேக்காவின் அப்பா முதல் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். ரெபேக்கா கதவோரம் நின்றிருந்தாள். படம் முடிந்ததும் அவர் எழுந்தார்.

"படம் நல்லாத்தான் கீது மேடம். அந்தக் கூடைக்காரம்மா எந்த பஸ்ஸுல வர்றாங்கன்னு சொல்லுங்க. அதுலயே அனுப்புறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பின்வரிசையில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஓர் அம்மா எழுந்தார்.

"அண்ணா, சாயந்திரம் நானும் தாம்பரத்துல அந்தப் படப்பை பஸ்தான் ஏறுறேன். கூடை இல்ல, டிபன் பேக்தான். பாப்பாவ என் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க."

அவர் அந்த அம்மாவையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"ப்ராக்டீஸ் எப்ப முடியும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் ரெபேக்கா பதில் சொல்லிவிட்டாள். (ஓட்டக்காரி ஆயிற்றே.)

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் எந்த பஸ்ஸில் வருகிறீர்கள்?